நாலு விரல்கடை உயரம்

ஏறியாகிவிட்டது, அது போதும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அமலோற்பவம் நினைத்தாள். நினைத்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது, மாதாவே மாதாவே என்று உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்த ஜெபத்துக்கு நடுவே அதுவும் ஒரு வரியாக வந்து ஒட்டிக்கொண்டது. வாசல்படியிலிருந்து இடது கால் எழும்பியது, வலது கால் பெடலை அமுக்கியது, பின்னால் கேரியரைப் பிடித்திருந்த கஸ்பார் ஒரு தள்ளு தள்ளிவிட்டார், ஐம்பத்தெட்டு வயதுச் சரீரம் அத்தனையும் இரண்டு சக்கரத்தின் மேல் நகர ஆரம்பித்துவிட்டது. "முன்னால பாருட்டி, காலப் பாக்காத" என்று அவர் லுங்கியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் கூடவே ஓடிவந்தார். அப்புறம் செருப்புச் சத்தம் நின்றுபோயிற்று. வயதான காலத்தில் பொண்டாட்டி பின்னால் அதற்கு மேல் ஓட முடியாதுதான். ஜனவரிக் காலை, தூத்துக்குடிக்கு எப்போதாவது தவறிப்போய்க் கிடைக்கும் குளிர்ச்சி, காது மடலில் சில்லென்று காற்று. இன்றைக்குத்தான் கடைசி. கடைசி என்று சொன்னது கஸ்பார் இல்லை, அவளேதான். நேற்று வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு குப்புறப் படுத்திருந்தபோது வந்த ஆத்திரத்தில், நாளைக்கு ஒருதரம் ஓட்டிப் பார்ப்பேன், சரிவராவிட்டால் சாயங்காலமே மாடி ஷெட்டில் ஏற்றிவிடுங்கள் என்று அவளே வாயைக் கொடுத்திருந்தாள். மாடி ஷெட் என்பது அந்த வீட்டின் கல்லறைத் தோட்டம். மகன் பாதியில் விட்ட கீபோர்டு, மீன் செத்துப்போன மீன்தொட்டி, கஸ்பார் சர்க்கரைக்குப் பயந்து வாங்கி ஒரு மாதம் ஓடிய டிரெட்மில், எல்லாம் பழைய போர்வை போர்த்திக்கொண்டு அங்கேதான் கிடக்கின்றன. ஏறியது ஒன்றுகூட இறங்கியதில்லை. இந்தச் சைக்கிளும் ஏறிவிட்டால் அதற்குப் பிறகு தன்னை யார் இறக்குவார்கள் என்று அவளுக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. தெருமுனையில் பால்காரன் வண்டி. மணி அடிக்க வேண்டும், மணிக்குக் கட்டைவிரல் எட்ட வேண்டும், கட்டைவிரல் ஹேண்டில்பாரை விட்டு வர மாட்டேன் என்கிறது. "ஏய் தம்பி, தம்பி, தம்பி" என்று வாயாலேயே அடித்தாள். அவன் ஒதுங்கினான். வலிக்கிறதா? இல்லை. இன்னும் இல்லை. இப்போதுதானே ஏறினோம், அதற்குள் எப்படி வலிக்கும், மூன்றாவது தெருவில்தான் வழக்கமாக ஆரம்பிக்கும்.

மூன்றாவது தெருவில் ஆரம்பிக்கும் அந்த வலிக்குத் தமிழில் பேர் இல்லாமல் இல்லை. நல்ல, உருண்டு திரண்ட பேர் இருக்கிறது, நாலு ஆண்கள் நிற்கிற சைக்கிள் கடையில் அது அவள் வாயில் வருவதற்குத்தான் வழி இல்லாமல் போயிற்று. உப்பு கம்பெனி ஆபீஸில் முப்பது சொச்சம் வருஷம் நாற்காலியைத் தேய்த்துவிட்டு ஓய்வு பெற்ற மறுவாரமே சைக்கிள் வேண்டும் என்று கிளம்பியவள் அவள். கல்யாணத்துக்கு முன்னால் இதே ஊரில் காலேஜுக்கும் டைப்ரைட்டிங் வகுப்புக்கும் கடற்கரைக்கும் காற்றாகப் பறந்த பெண். பிறகு கஸ்பார் வந்தார், கஸ்பாரோடு ஸ்கூட்டர் வந்தது, "நான் இருக்கையில நீ எதுக்கு மிதிக்கணும்" என்று ஆசையாகச் சொன்னார். ஆசையாகச் சொன்னதால்தான் மறுக்க முடியாமல் போயிற்று, அதட்டிச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள், சைக்கிளும் மிஞ்சியிருக்கும். சரி, போனது போகட்டும். புதுச் சைக்கிளில் இரண்டாம் நாளே உட்கார முடியவில்லை. கோயில் பெஞ்சில் உட்கார முடியவில்லை, சோபாவில் உட்கார முடியவில்லை, முழங்காலில் நிற்கும் நேரம்தான் நிம்மதி என்று பூசையில் எல்லாரும் எழுந்த பிறகும் முழங்காலிலேயே நின்றாள், என்ன பக்தி என்று பக்கத்துப் பெஞ்சுக்காரி கண் கலங்கினாள். கடைக்காரர் எங்கே வலிக்கிறது என்று கேட்டார். அமலோற்பவம் இடுப்பு என்றாள். அவ்வளவுதான், பிடித்தது சனி. இடுப்புக்கு என்று ஸ்பிரிங் வைத்த சீட் ஒன்றை மாட்டினார்கள், அது பள்ளத்துக்குப் பள்ளம் தூக்கிப் போட்டது. இடுப்புக்கு என்று மெத்தென்ற ஜெல் உறை ஒன்றைப் போட்டார்கள், அது வழுக்கிக்கொண்டு ஒரு பக்கம் போக இவள் ஒரு பக்கம் போனாள். இடுப்புக்கு என்று பலகை மாதிரி அகலமான சீட் ஒன்று வந்தது, அதில் தொடை உராய்ந்து சிவந்துபோயிற்று. கஸ்பார் இடுப்பில் தைலம் தேய்த்தார், பாவம், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு சட்டையைக் கழற்றிவிட்டு மூச்சு வாங்கத் தேய்த்தார், வலிக்காத இடத்தில். நாத்தனார் இடுப்புக்கு நல்லது என்று உளுந்தங்களி கிண்டிக் கொண்டுவந்தாள், கருப்பட்டியும் நல்லெண்ணெயும் மிதக்க மிதக்க. அமலோற்பவத்துக்கு உளுந்தங்களி என்றால் உயிர். இரண்டு வாரம் விடாமல் சாப்பிட்டாள், எடை கூடியது, கூடிய எடை நேராக எங்கே போய் உட்கார்ந்ததோ அதே இடத்தில்தான் வலியும் இருந்தது. சொன்ன ஒரு பொய்யைச் சுற்றி ஊரே சேர்ந்து வைத்தியம் பார்த்தது, நிஜமான வலி யாரும் கேட்பாரில்லாமல் அனாதையாகக் கிடந்தது.

மூன்றாவது தெரு வந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மூச்சைப் பிடித்தால் வலி வராதா என்ன, ஊசி போடும்போது குழந்தைகள் அப்படித்தான் செய்யும், ஆனாலும் பிடித்துக்கொண்டாள். வலதுகால் கீழே போகிறது, முழுசாக நீண்டு போகிறது, தொடை இறுகி, தன் எடையைத் தானே தூக்கி நிறுத்திக்கொள்கிறது. பிறகு இடது கால். அப்படியானால் காலையில் கண்டுபிடித்தது சரிதான். காலையில், காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, ஏதோ ஒரு வேகத்தில், கடைசி நாள்தானே என்ற துணிச்சலில், சுவரைப் பார்த்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டாள். "இடுப்பு இல்லங்க. குண்டி வலிக்கு." முப்பத்திரண்டு வருஷத் தாம்பத்தியத்தில் முதல் தடவை. கஸ்பார் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப நான் இத்தன நாளு தைலம் தேச்சது?" என்றார். "நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். அவர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வந்து, இருமல் வந்து, இவள் எழுந்துபோய் முதுகில் தட்டிக்கொடுக்கும்படி ஆயிற்று, தட்டிக்கொண்டே இவளும் சிரித்தாள். பிறகு இரண்டு பேருமாகப் போய்ச் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு, அகலச் சீட்டைக் கழற்றிவிட்டுச் சைக்கிளோடு வந்த பழைய சீட்டையே மாட்டி, அவள் ஏறி உட்கார்ந்து சும்மா மிதித்தாள். கஸ்பார் எதிரே குத்தவைத்துப் பார்த்தார். முழங்கால் ஒவ்வொரு தடவையும் வயிற்றை இடித்துவிட்டுப் போனது. "ஏட்டி, நீ சைக்கிளா ஓட்டுத? அரிவாமணையில உக்காந்து மீன் வெட்டுத மாதிரில்லா இருக்கு" என்றார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வலியில் அவ்வப்போது சீட்டை விட்டு எழும்பி நின்று மிதிப்பாளே, அந்த நேரத்தில் மட்டும் சுகமாக இருக்குமே, அப்படியென்றால் கால் நீண்டால் எடை காலுக்குப் போகிறது, கால் மடங்கிக் கிடந்தால் மொத்த பாரமும் அங்கேயே இறங்குகிறது. சீட்டில் ஒன்றுமே இல்லை. சீட் இருக்கிற உயரத்தில்தான் எல்லாம் இருந்தது. உயரத்தை இறக்கியது யார்? எல்லாரும்தான். சைக்கிள் வாங்கிய அன்றைக்கே, உட்கார்ந்தபடி இரண்டு பாதமும் தரையில் பட வேண்டும், பொம்பளைப் பிள்ளைக்கு அதுதான் பத்திரம் என்று கடைக்காரர் அடிவரைக்கும் இறக்கினார், கஸ்பார் தலையாட்டினார், இவளும் தலையாட்டினாள். சின்ன வயதில் அப்பா இறக்கினார், அண்ணன் இறக்கினான். அதே தாழ்ந்த தண்டின் மேல்தான் மூன்று சீட்டும் மாறி மாறி வந்து போயிருக்கின்றன. கஸ்பார் ஸ்பேனரைக் கொண்டுவந்து நாலு விரல்கடை உயர்த்தினார். ஏறிப் பார்த்தால் கால் தரைக்கு எட்டவில்லை. அதனால்தான் வாசல்படியில் காலை ஊன்றி ஏறினாள். ஏறுவதற்கு வாசல்படி இருந்தது, பிடித்துத் தள்ளக் கஸ்பார் இருந்தார். இறங்குவதற்கு? கோயில் தெரு திரும்பும் வளைவில் வைத்து அமலோற்பவத்துக்கு அந்தக் கேள்வி வந்தது. இறங்குவதைப் பற்றி இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

பெடலை இன்னும் வேகமாக மிதித்தாள். பயம்தான், வேறென்ன. நின்றால் விழ வேண்டும். விழுந்தால் இந்த வயதில் எலும்பு, எலும்பு முறிந்தால் கட்டில், கட்டில் என்றால் அதோடு முடிந்தது. நிற்காவிட்டால் என்ன ஆகும்? நிற்காவிட்டால் போய்க்கொண்டே இருக்க வேண்டும். சரி, போய்க்கொண்டே இருப்போம், பெடல் சுற்றுகிறவரை விழப்போவதில்லை, சுற்றுவதில் ஒரு கஷ்டமும் இல்லை, இன்னும் சொன்னால் நன்றாகத்தான் இருக்கிறது, வெண்ணெயாகப் போகிறது. கோயில் வாசலில் திரும்பி வீட்டுக்கு வருவதாகத்தான் ஏற்பாடு. கோயில் வாசலிலோ காலைப் பூசை முடிந்து கூட்டம். முக்காடு போட்ட தலைகள், தேங்காய்ப்பூ விற்கிறவன், குறுக்கே படுத்திருக்கும் மாடு, இதற்குள் எங்கே திரும்புவது? வழி விடுங்க, வழி விடுங்க என்று கத்தினாள், கூட்டம் பிளந்தது, பிளந்த கூட்டத்துக்குள்ளிருந்து அந்தப் பக்கத்துப் பெஞ்சுக்காரி பாக்கியம், "அமலி, ஏ அமலி, நில்லுட்டி, ஒரு சங்கதி சொல்லணும்" என்று கையைத் தூக்கினாள். "நிக்கத் தெரியல" என்று அமலோற்பவம் அவளைக் கடந்தபடியே கத்தினாள். "என்னது?" "நிக்கத் தெரியலட்டி! நாளைக்குச் சொல்லு!" பின்னால் பெண்கள் கூட்டமாகச் சிரிக்கும் சத்தம் கேட்டது. தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவளுக்கும் சிரிப்பு வந்தது, சிரித்தால் ஹேண்டில்பார் ஆடியது, சிரிப்பை அடக்கினால் இன்னும் ஆடியது, கடைசியில் வாய்விட்டே சிரித்துக்கொண்டு, ஓய்வு பெற்ற, மருமகள் எடுத்த, கோயில் அன்பியக் கூட்டத்தில் ஜெபமாலை முன்னால் நின்று சொல்கிற ஒரு பெண்பிள்ளை நடுரோட்டில் போகக்கூடாத வேகத்தில் போனாள். கூடையில் கிடந்த கைப்பைக்குள் போன் அடித்தது. கஸ்பார்தான். இந்நேரம் திரும்பியிருக்க வேண்டுமே. போனை எடுக்க ஒரு கை வேண்டும், கைக்கு எங்கே போவது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

கடற்கரைச் சாலையில் காற்று பின்னாலிருந்து வந்தது. கேட்காமலே வந்து தள்ளுகிற காற்று. உப்பு வாசனை, மீன் வாசனை, எங்கோ டீக்கடையில் பஜ்ஜி பொரியும் வாசனை. அம்மா இந்தக் காற்றை நெஞ்சுக்கு ஆகாது என்பாள். அம்மாவுக்கு அறுபதுக்கு மேல் எதுவுமே ஆகாமல் போயிற்று. நோய் என்று ஒன்றும் இல்லை, டாக்டர் நடங்கள் நடங்கள் என்றுதான் சொன்னார். ஒருநாள் மத்தியானம் ஒயர் நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, இனி எங்கேயும் வரல, எல்லாம் பார்த்தாச்சு என்று உட்கார்ந்தவள்தான். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் வரல, கோயில் தேருக்குக் கூப்பிட்டால் வரல. எல்லாரும் அவளைப் புகழ்ந்தார்கள், மகராசி, உட்கார்ந்த இடத்துக்குச் சோறு வருகிறது, கொடுத்துவைத்தவள் என்றார்கள். அந்தப் புகழ்ச்சிதான் அமலோற்பவத்துக்கு நடுக்கம் கொடுத்தது. ஓய்வு பெற்ற அன்றைக்கு ஆபீஸில் மாலை போட்டு, இனி ராணி மாதிரி உட்காருங்க மேடம் என்று எல்லாரும் கைதட்டினார்கள், அவளும் சிரித்தாள், உள்ளுக்குள் கால் இரண்டும் குளிர்ந்துபோயின. நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்துதானே வருகிறேன், இன்னும் எவ்வளவு உட்காருவது? அம்மாவை நினைத்தால் கண் நிறைந்துவிடும், இப்போதும் நிறைந்தது, காற்றில் காய்ந்தும் போயிற்று. காய்ந்ததைத் துடைக்கக் கை தேவைப்படவில்லை. ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே ஓடியது, பிரேக்கைத் தொட்டாள், வேகம் குறைந்தது, குறையக் கூடாது, குறைந்தால் நிற்கும், நின்றால் விழும், மிதி மிதி. மிதித்தாள். உப்பளம் வந்துவிட்டது. இரண்டு பக்கமும் பாத்தி பாத்தியாகத் தண்ணீர், வானம் அப்படியே அதில் கிடந்தது, தூரத்தில் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். இந்த உப்பைத்தானே அவள் ஆபீஸில் டன் டன்னாக அனுப்பிக்கொண்டிருந்தாள். அனுப்பிய உப்பு இவ்வளவு அழகாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லையே. "யப்பா" என்றாள் சத்தமாக. யாரும் இல்லாததால் இன்னொரு தடவையும் சொன்னாள். ஐம்பத்தெட்டு வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வந்தால் அதை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை, ஏதாவது பாடு என்றது, ஞானப்பாட்டு ஒன்றை எடுத்தாள், மேல்ஸ்தாயியில் மூச்சு வாங்கியது, விட்டுவிட்டாள்.

ரயில்வே கேட் மூடிக்கொண்டிருந்தது. துறைமுகத்துக்குப் போகும் சரக்கு வண்டிக்காக இருக்கும். சிவப்பு விளக்கு மினுக்க, கம்பம் இரண்டு பக்கமும் அசைந்து அசைந்து இறங்கிக்கொண்டிருந்தது. இனி போய்க்கொண்டே இருக்க முடியாது. தண்ணீர் கேன் ஏற்றிய தட்டு ரிக்ஷா ஒன்று முன்னால் நின்றது. அதை ஓட்டிவந்த நரைமீசைக்காரர் இறங்கித் தலைத்துண்டை உதறிக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, பிடிங்க, பிடிங்க, நிக்கத் தெரியாது!" என்று கத்திக்கொண்டே பிரேக்கை அமுக்கினாள். அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் ரிக்ஷாவின் பின்கம்பியை எட்டிப் பிடித்தாள், கேன்கள் கடகடவென்று ஆடின, சைக்கிள் இடது பக்கம் சாய்ந்தது, விழுந்தேன் என்று கண்ணை மூடினாள், சாய்ந்த பக்கத்தில் தரை தானாக வந்து பாதத்தில் பட்டது. கண்ணைத் திறந்தாள். விழவில்லை. சைக்கிளைச் சாய்த்தால் ஒரு கால் எட்டுகிறது. ஒரு கால் எட்டினால் போதும், இரண்டு காலும் எட்ட வேண்டும் என்று எந்த மடையன் சொன்னான்? அண்ணாச்சி வாயைத் திறந்தபடி நின்றார். "எக்கா, எங்கருந்து வாரிய?" சொன்னாள். "இறங்கத் தெரியாமலா அங்கருந்து இம்புட்டுத் தூரம் வந்திய?" "இறங்கத் தெரியாததுனாலதான் அண்ணாச்சி வந்தேன்" என்றாள். அவர் சிரித்துவிட்டார். போன் மறுபடி அடித்தது. கம்பியை விடாமல், ஒரு கையால் பையைத் துழாவி எடுத்தாள். "எங்கட்டி இருக்க? எத்தன தடவ போன் போட்டேன், உசுரே போச்சு" என்றார் கஸ்பார். "உப்பளத்துக்குப் பக்கத்துல, ரயில்வே கேட்ல." "அங்கயா?" என்றவர் உடனே, "விழுந்துட்டியா?" "இல்ல." "வலிக்கா?" அமலோற்பவம் யோசித்தாள். யோசித்துப் பார்க்க வேண்டியிருந்தது. மூன்றாவது தெருவில் மூச்சைப் பிடித்தது நினைவிருக்கிறது, அதற்குப் பிறகு மாடு, பாக்கியம், காற்று, அம்மா, உப்பு எல்லாம் நினைவிருக்கின்றன, அந்த இடம் மட்டும் நினைவில் இல்லை. இத்தனை நாளாக வேறு எதையுமே நினைக்கவிடாத இடம். "மறந்தே போச்சுங்க" என்றாள், சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். "சரி சரி, களைச்சிருப்ப. அங்கயே நில்லு, நான் ஸ்கூட்டர எடுத்துட்டு வாரேன். சைக்கிள ஆட்டோவுல போட்டுக்கிருவோம். நீ பின்னால ஏறிக்க."

ஆசையாகத்தான் சொன்னார், நீ எதுக்கு மிதிக்கணும் என்று அன்றைக்குச் சொன்ன அதே ஆசை, குரலில் கொஞ்சமும் வயதாகவில்லை. சரக்கு வண்டி வந்துவிட்டது. பெட்டி பெட்டியாக, முடிவே இல்லாமல், தரையைக் குலுக்கிக்கொண்டு போனது. சத்தத்தில் பேச முடியவில்லை, போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். சரி என்று சொல்வது எவ்வளவு சுலபம். முப்பது வருஷமாக வாய் பழகிப்போன வார்த்தை, நினைக்காமலே வந்துவிடும், வந்துவிடப் பார்த்தது. கடைசிப் பெட்டியும் போய்விட்டது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் சாலை நேராகக் கிடந்தது, வெயில் விழுந்து, ஆள் நடமாட்டம் இல்லாமல். "கேக்குதா? நில்லுட்டி, நான் வாரேன்" என்றார் கஸ்பார். "வராதீங்க" என்றாள். "கேட்டுக்கு அந்தப் பக்கம் கொஞ்ச தூரம் போயிட்டு வீட்டுக்கு வாரேன்." "அந்தப் பக்கம் என்ன கெடக்கு? வெறும் ரோடு. நாம எத்தன தடவ அந்த வழியாப் போயிருக்கோம்." "போயிருக்கோம்" என்றாள் அமலோற்பவம். "நான் பின்னாலல்லா உக்காந்திருந்தேன். எனக்கு முன்னால உங்க முதுகுதான் இருந்துச்சு. ரோடு வாரத நான் பாத்ததே இல்லங்க." சொன்ன பிறகுதான் அது அவளுக்கே தெரிந்தது. குற்றம் சொல்வதற்காகச் சொல்லவில்லை, நல்ல முதுகுதான், வெயிலுக்கும் மழைக்கும் மறைவாக இருந்த முதுகு. பிறகு கஸ்பார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சாயங்காலம் சைக்கிள மாடிக்கு ஏத்த ஆளு வரச் சொல்லியிருந்தேன்" என்றார். "வேண்டாம்னு சொல்லிருதேன்." கேட் கம்பம் எழும்ப ஆரம்பித்தது. அவள் போனைப் பையில் போட்டு, வலது பெடலை மேலே கொண்டுவந்து வைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, ஒரு தள்ளு தள்ளி விடுங்க" என்றாள்.